பயறு பொறுக்கும் கைகள்: ஃபெர்னாண்டா மோண்டெநெக்ரோ என்னும் நடிகையின் வாழ்நாள் வேலை

சமையலறை மேசை. அதன்மேல் கொட்டி வைத்த பயறு. ஒரு பெண் உட்கார்ந்து சொத்தையை ஒதுக்கி, நல்லதைப் பாத்திரத்தில் போடுகிறாள். பக்கத்தில் அவள் கணவன். இருவருக்கும் நெருங்கிய தோழன் ஒருவன் வேலைநிறுத்தத்தின்போது சுட்டுக் கொல்லப்பட்டிருக்கிறான். அந்த வேலைநிறுத்தத்தை மீறி ஆலைக்குள் போன மகன் வீட்டைவிட்டே போய்விட்டான். மேசையில் பேச்சே இல்லை. பயறு பாத்திரத்தில் விழும் சத்தம் மட்டும். கணவனும் கைநீட்டிப் பொறுக்கத் தொடங்குகிறான். அவள் கண்ணில் நீர் நிற்கிறது, கை நிற்கவில்லை. யார் செத்தாலும் நாளைக்கு அடுப்பு எரிந்தாக வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரியும்.

1981இல் வெளியான 'அவர்கள் கறுப்பு டை கட்டுவதில்லை' என்ற பிரேசில் படத்தில் வரும் காட்சி இது. இயக்கியவர் லியோன் ஹிர்ஸ்மன். வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்ற படம். கணவனாக வருபவர் ஜான்ஃப்ரான்செஸ்கோ குவார்னியெரி. 1958இல் இதை நாடகமாக எழுதியவரும் அவரே. அன்று மேடையில் மகனாக நடித்தவர், இருபத்து மூன்று ஆண்டு கழித்துத் திரையில் தந்தையாக உட்கார்ந்திருக்கிறார். பயறு பொறுக்கும் ரொமானாவாக நடித்தவர் ஃபெர்னாண்டா மோண்டெநெக்ரோ.

பதினெட்டு ஆண்டு கழித்து, 1999 மார்ச்சில், இந்த நடிகை லாஸ் ஏஞ்சலிஸில் ஆஸ்கர் அரங்கில் உட்கார்ந்திருந்தார். அப்போது வயது 69. சிறந்த நடிகைக்கான பட்டியலில் இடம்பெற்ற முதல் லத்தீன் அமெரிக்க நடிகை அவர். போர்ச்சுகீசிய மொழியில் நடித்து அந்தப் பட்டியலுக்கு வந்த முதல் ஆளும் அவரே. வெளியுலகுக்கு அது புதுப் பெயர். பிரேசிலிலோ, அவர் முகம் தெரியாத வீடு இருந்திருக்காது.

இந்த ஆய்வின் கேள்வி அங்கேதான் பிறக்கிறது. அறுபத்தொன்பது வயதில் உலகம் பார்த்து வியந்த அந்த நடிப்பு எங்கே உருவானது? என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். அதைச் சினிமா உருவாக்கவில்லை. ஒரு அடி படச்சுருள்கூட மிஞ்சாத நேரலைத் தொலைக்காட்சியும், சொந்தப் பணத்தையும் கடனையும் போட்டு நடத்திய நாடகக் குழுவும்தான் உருவாக்கின. சினிமா வந்து அறுவடை செய்தது.

வானொலிக்குப் போன பெண்

இயற்பெயர் ஆர்லெட். 1929 அக்டோபர் 16 அன்று ரியோ டி ஜெனீரோவின் புறநகரில், போர்ச்சுகலிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் குடியேறியவர்களின் வழிவந்த எளிய குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்வி அமைச்சகத்தின் வானொலி நிலையத்தில் சேர்ந்தார். அறிவிப்பாளர் வேலை, வானொலி நாடகம், இலக்கியத் தழுவல் எழுதுதல் என்று எல்லாமே அங்கே பழகியது.

அந்த நிலையத்தின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1923இல் எட்கார் ரொக்கெட்-பிண்டோ என்ற மானிடவியலாளர் தொடங்கிய 'ரேடியோ சொசியெடாடெ' தான் பிரேசிலின் முதல் வானொலி நிலையம். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் வானொலி வழியே கல்வி போய்ச் சேரும் என்று நம்பியவர் அவர். விளம்பரம் போட்டு நிலையத்தை நடத்த மனமில்லாமல், 1936இல் அதைக் கல்விக்கே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு அரசிடம் கொடுத்துவிட்டார். ஆர்லெட் சேர்ந்தது அந்த நிலையத்தில். ரொக்கெட்-பிண்டோவின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அவர் மறுபடியும் வருவார்.

எழுத வந்தபோது ஆர்லெட் தனக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டார். 'ஃபெர்னாண்டா' என்பதில் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலின் ஒலி இருந்தது என்பார். 'மோண்டெநெக்ரோ', வீட்டில் அடிக்கடி பேசப்பட்ட ஒரு ஹோமியோபதி டாக்டரின் பெயர். அவர் கைபட்டால் நோய் போய்விடும் என்று குடும்பத்தில் நம்பினார்கள். நாவலிலிருந்து பாதி, வைத்தியரிடமிருந்து பாதி.

வருமானத்துக்கு வெளிநாட்டவருக்குப் போர்ச்சுகீசியம் சொல்லிக்கொடுத்தார். மொழியைத் துண்டு துண்டாகப் பிரித்து, அயலான் காதுக்கு விளங்கும்படி நிறுத்திச் சொல்லும் அந்த வேலையும், முகம் தெரியாமல் குரலால் மட்டுமே நடித்த ஆண்டுகளும் அவர் வசன உச்சரிப்பில் கடைசிவரை தங்கிவிட்டன என்று நினைக்கிறேன். அவர் வாயில் ஒரு சொல்லின் கடைசி எழுத்து விழுங்கப்படுவது அபூர்வம்.

திங்கட்கிழமை இரவுகள்

1950இல் முதல் மேடை நாடகம். அதே நாடகத்தில் நடித்த ஃபெர்னாண்டோ டோரஸ் பிறகு கணவரானார். அதே ஆண்டு செப்டம்பரில் சாவோ பாலோவில் 'டிவி டூப்பி' தொடங்கியது. தென் அமெரிக்காவின் முதல் தொலைக்காட்சி நிலையம் அதுதான். அடுத்த ஜனவரியில் ரியோ நிலையம் வந்தது. அந்த நிலையம் ஒப்பந்தம் செய்துகொண்ட முதல் நடிகை மோண்டெநெக்ரோ.

அந்தக் காலத் தொலைக்காட்சி எப்படி நடந்தது என்று தெரியாவிட்டால் இவருடைய நடிப்பின் பாதி புரியாமல் போகும். வீடியோ டேப் பிரேசிலுக்கு வந்தது 1960ஐ ஒட்டித்தான். அதற்கு முன்பு எல்லாமே நேரலை. ஐரோப்பிய நாடகமோ நாவல் தழுவலோ, முழு நாடகத்தையும் சில நாட்களில் மனப்பாடம் செய்து, அரங்கம் கட்டி, ஒத்திகை பார்த்து, ஒரே மூச்சில் காற்றில் அனுப்ப வேண்டும். 'கிராண்டே தெயாட்ரோ டூப்பி' என்ற நிகழ்ச்சி திங்கள் இரவுகளில் வந்தது. திங்கட்கிழமை நாடக அரங்குகளுக்கு விடுமுறை என்பதால் நடிகர்கள் அன்றுதான் கிடைப்பார்கள். மற்ற நாட்களில் மேடை, ஓய்வு நாளில் தொலைக்காட்சி. செர்ஜியோ பிரிட்டோ, இட்டாலோ ரொஸ்ஸி, நதாலியா டிம்பெர்க், மோண்டெநெக்ரோ எல்லோரும் ஆண்டுக்கணக்கில் இப்படி உழைத்தார்கள். அவர் நடித்த நேரலை நாடகங்களின் எண்ணிக்கை நூறுகளில் போகிறது.

அவற்றில் ஒன்றைக்கூட இன்று பார்க்க முடியாது. எல்லாம் காற்றோடு போயிற்று.

ரீடேக் கிடையாது. வசனம் மறந்தால் எதிரே நிற்பவர்தான் காப்பாற்ற வேண்டும். அதற்கு அவர் பேசுவதை உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். தன் வசனம் எப்போது வரும் என்று காத்திருக்கிற நடிகர் நேரலையில் மாட்டிக்கொள்வார். எதிராளியை விடாமல் கவனித்துக்கொண்டே இருக்கிற நடிகர்தான் தப்புவார். இன்னொன்று, அந்தக் கனத்த கேமரா முகத்துக்கு அருகில் வந்து நிற்கும். மேடையில் கடைசி வரிசைக்கு எட்டும்படி முகத்தை விரித்துப் பழகியவர், திங்கட்கிழமை அதையே சுருக்கி ஒரு கண்ணிமைக்குள் வைக்க வேண்டும். வாரா வாரம் இந்த மாற்றம். திரைப்பட நடிகைக்கு வேண்டிய பயிற்சி முழுவதும் இங்கே, ஒரு படத்தில்கூட நடிக்காமலே, அவருக்குக் கிடைத்துவிட்டது. மோண்டெநெக்ரோவின் படங்களில் அவர் பேசும் இடங்களைவிடக் கேட்கும் இடங்களை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்குக் காரணமும் இதுதான்.

ஏழு பேர் குழுவும் முதல் படமும்

1959இல் டோரஸ், பிரிட்டோ, ரொஸ்ஸி, இத்தாலிய இயக்குநர் ஜான்னி ராட்டோ முதலியவர்களோடு சேர்ந்து 'தெயாட்ரோ டோஸ் சேட்டெ' என்ற குழுவைத் தொடங்கினார். பெயருக்கு 'எழுவர் நாடகக் குழு' என்று பொருள். ரியோ முனிசிபல் அரங்கில் அர்த்தூர் அசெவேடோவின் 'ஓ மம்பெம்பே'யோடு ஆரம்பித்தார்கள். ஊர் ஊராகப் போகும் ஏழை நாடகக் கம்பெனியைப் பற்றிய பழைய நகைச்சுவை நாடகம் அது. புதிதாகத் தொடங்கும் குழு தன் சொந்தப் பாட்டைச் சொல்லும் நாடகத்தையே எடுத்துக்கொண்டது எனக்குப் பிடித்த விஷயம்.

அக்காலத்தின் மிகச் சர்ச்சைக்குரிய நாடக ஆசிரியர் நெல்சன் ரோட்ரிகஸிடம் அவர் ஒரு நாடகம் கேட்டார். ஒருமுறை கேட்டுவிட்டு விடவில்லை, துரத்தித் துரத்திக் கேட்டு வாங்கினார். 1961இல் மேடையேறிய 'தார்ச்சாலையில் ஒரு முத்தம்' அப்படி வந்தது. இன்று பிரேசில் நாடக வரலாற்றில் தவிர்க்க முடியாத பிரதி அது. நாடகம் எழுதப்படக் காரணமாக இருப்பதும் ஒரு நடிகையின் தொழில்தான் என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

முதல் திரைப்படமும் ரோட்ரிகஸின் நாடகத்திலிருந்துதான் வந்தது. 1965இல் வெளியான 'இறந்தவள்'. ஹிர்ஸ்மனுக்கு அது முதல் முழுநீளக் கதைப்படம், மோண்டெநெக்ரோவுக்கு வயது 35. மகள் ஃபெர்னாண்டா டோரஸ் பிறந்ததும் அந்த ஆண்டுதான். கதாநாயகி சுல்மிரா ரியோவின் வறிய புறநகரில் வாழ்பவள். வேலை போன கணவன் கால்பந்தே கதியென்று கிடக்கிறான். அவளுக்கு ஒரே ஆசை: வாழும்போது கிடைக்காத மரியாதை தன் சவ ஊர்வலத்தில் கிடைக்க வேண்டும். கொல்லைப்புறத்தில் மழையில் நனைந்துகொண்டு நிற்கும் காட்சி ஒன்று உண்டு. அந்த முகத்தில் தெரிவது மகிழ்ச்சியா, சாவை நோக்கிய ஏக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு அவர் படங்கள் அடுக்கடுக்காக வந்திருக்க வேண்டும். வரவில்லை.

தடை

1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து 1985 வரை வைத்திருந்தது. 1973இல் சிக்கோ புவார்க்கெயும் ருய் கெர்ராவும் எழுதிய 'கலபார்' என்ற இசைநாடகத்தை மோண்டெநெக்ரோவும் டோரஸும் தயாரித்தார்கள். கலபார் பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் பக்கம் சேர்ந்ததற்காகத் துரோகி என்று கொல்லப்பட்டவன். யாருக்கு யார் துரோகி என்று கேட்கும் நாடகம் அது. பெரிய நடிகர் கூட்டம், இசைக்குழு, உடைகள், ஒத்திகை என்று எல்லாம் முடிந்து அரங்கேற்றம் நெருங்கிய நேரத்தில் தணிக்கைத் துறை தடுத்தது. 'கலபார்' என்ற பெயரையே அச்சிடக் கூடாது என்று உத்தரவு வந்தது. போட்ட பணம் முழுவதும் போயிற்று, கடன் தம்பதியின் தலையில் விழுந்தது.

இந்த இடத்தைத் தாண்டி யாரும் அவசரமாகப் போய்விடக் கூடாது என்று விரும்புகிறேன். விருதுப் பட்டியலைப் படிக்கும்போது ஒரு நடிகையின் வாழ்க்கை ஏறுமுகமாகவே தெரியும். உண்மையில் நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு வயதில், தொழிலின் உச்சத்தில் இருந்திருக்க வேண்டிய காலத்தில், அவர் மறுபடி மேடையேறி நடித்து அந்த நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டியிருந்தது. நாட்டை விட்டுப் போனவர்கள் உண்டு, எழுதுவதை நிறுத்தியவர்கள் உண்டு. இவர்கள் இருவரும் இருந்த இடத்திலேயே இருந்து நாடகம் போட்டார்கள்.

இரவு தோறும் ஒரு முகம்

1981 அவருக்கு விசித்திரமான ஆண்டு. ரொமானாவாகப் பயறு பொறுக்கிய அதே ஆண்டில் 'குளோபோ' தொலைக்காட்சியின் 'பைலா கொமிகோ' தொடரில் மேல்தட்டுச் சீமாட்டியாக வந்தார்.

பிரேசிலில் 'நொவேலா' என்று சொல்லப்படும் தொடருக்கு ஒரு முடிவு உண்டு. வாரம் ஆறு இரவு, ஏழெட்டு மாதம், பிறகு கதை தீர்ந்துவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒளிபரப்பாகும். பார்வையாளர் ஒரு பாத்திரத்தை வெறுத்தால் அது செத்துப்போகும், நேசித்தால் வளரும். நாட்டின் பெரும்பகுதி ஒரே நேரத்தில் பார்க்கும். இலக்கியம் படித்தவர்கள் இதை மட்டமாகப் பேசுவது அங்கேயும் வழக்கம்தான். மோண்டெநெக்ரோ ஒருநாளும் அப்படி நடந்துகொள்ளவில்லை. 1982இல் ஜெர்மன் இயக்குநர் ஃபாஸ்பைண்டரின் 'பெட்ரா ஃபான் காண்ட்' நாடகத்தில் ஒரு பெண்ணின் காதல் வெறியை நடித்து அரங்கை அதிரவைத்தவர், அடுத்த ஆண்டு 'கெர்ரா டோஸ் செக்சோஸ்' தொடரில் காலை உணவு மேசையில் பாவ்லோ ஆட்ரன் மீது சாப்பாட்டை வாரி எறிந்தார். சார்லோ என்ற பாத்திரம், எதிரே பரம வைரியான உறவுக்காரர். இருவரும் பிரேசில் மேடையின் ஆகப் பெரிய நடிகர்கள். பழமும் பாலும் கேக்கும் பறக்கின்றன. நாற்பது ஆண்டு கழித்தும் அங்கே அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

அது வெறும் கலாட்டாவாக ஆகாமல் இருப்பதற்குக் காரணம், எறிவதற்கு முன் இருவரும் எடுத்துக்கொள்ளும் நேரம். ஒருவர் எறிந்ததும் மற்றவர் உடனே திருப்பி எறிவதில்லை. தன் கௌரவத்தைச் சரிசெய்துகொண்டு, எதை எடுப்பது என்று யோசித்து, பிறகு எறிகிறார். நேரலைக் காலத்தில் பழகிய அதே கவனம் இங்கே சிரிப்பாக வேலை செய்கிறது.

1985இல் ராணுவ ஆட்சி முடிந்ததும் அதிபர் ஜோசே சார்னே அவரைக் கலாச்சார அமைச்சராக அழைத்தார். மறுத்துவிட்டார். தன் இடம் மேடைதான் என்பது அவர் பதிலின் சாரம். 1987இல் அடேலியா பிராடோவின் கவிதைகளை வைத்து 'டோனா டோய்டா' என்ற தனிநபர் நிகழ்ச்சியைத் தொடங்கி ஊர் ஊராகக் கொண்டுபோனார்.

கடிதம் எழுதுபவள்

1990இல் அதிபர் கொல்லோர் அரசுத் திரைப்பட நிறுவனமான 'எம்ப்ராஃபில்மே'வை மூடினார். பிரேசில் சினிமா ஏறக்குறைய நின்றே போனது. 1995ஐ ஒட்டித்தான் மறுபடி மூச்சு வந்தது. அந்த மறுபிறப்பின் பெரிய படம் வால்டர் சாலஸின் 'சென்ட்ரல் டோ பிரசில்', 1998.

கதைக்கு விதை சாலஸின் முந்தைய ஆவணப்படம் ஒன்று. சிறையிலிருந்த ஒரு பெண், தான் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்ட ஒரு சிற்பிக்குக் கடிதம் எழுதுகிறாள். ஒரு கடிதம் ஒருத்தியின் வாழ்க்கையைத் திருப்பிவிடும் என்ற எண்ணம் அங்கேதான் வந்தது. 'சென்ட்ரல்' படத்தின் முதல் காட்சியில் கடிதம் சொல்லி எழுதவைக்கும் பெண், அந்த நிஜப் பெண்ணேதான்.

மோண்டெநெக்ரோ நடித்த டோரா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ரியோவின் பெரிய ரயில் நிலையத்தில் மேசை போட்டு, எழுதத் தெரியாதவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு கடிதம் எழுதித் தருகிறாள். வீட்டுக்குப் போனதும் அவற்றைப் படித்துச் சிரித்துவிட்டு, சிலதைக் கிழிக்கிறாள், சிலதை மேசை இழுப்பறையில் போட்டு மூடுகிறாள். அஞ்சலில் சேர்ப்பது அபூர்வம். கடிதம் எழுதவைத்த ஒரு தாய் நிலையத்துக்கு வெளியே பஸ் மோதிச் சாகிறாள். அவள் மகன் ஜோசுவே தனியாகிறான். டோரா அவனைப் பிள்ளை பிடிப்பவர்களிடம் விற்று, அந்தப் பணத்தில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்குகிறாள். பிறகு மனம் பொறுக்காமல் அவனைத் தூக்கிக்கொண்டு, அவன் தகப்பனைத் தேடி வடகிழக்குக்குப் பயணம் போகிறாள்.

நிலையத்தில் மேசையைப் போட்டுப் படப்பிடிப்பு தொடங்கியதும், கேமராவைக் கவனிக்காத வழிப்போக்கர்கள் உண்மையாகவே வந்து உட்கார்ந்து கடிதம் சொல்லத் தொடங்கினார்கள். மோண்டெநெக்ரோ எழுதினார். படத்தில் நாம் பார்க்கும் கடிதங்களில் பல அப்படி வந்தவை. வாசிக்கத் தெரியாதவனுக்கு வானொலி என்று தொடங்கிய நிலையத்தில் வேலை கற்றவர், ஐம்பது ஆண்டு கழித்து வாசிக்கத் தெரியாதவர்களின் எதிரே பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். என்ன வசனம் வரும் என்று முன்கூட்டித் தெரியாது. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஜோசுவேயாக நடித்த வினீசியஸ் டி ஒலிவெய்ரா அதற்கு முன் நடித்ததே இல்லை. ரியோ விமான நிலையத்தில் ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த சிறுவன், சாலஸின் கண்ணில் பட்டான். அரை நூற்றாண்டு அனுபவம் ஒரு பக்கம், ஒரு நாள் அனுபவமும் இல்லாத பிள்ளை மறுபக்கம். அந்த அனுபவம் அவனை விழுங்கிவிட்டிருக்க முடியும். படம் முழுக்க மோண்டெநெக்ரோ அவன் வேகத்துக்குத் தன்னை இறக்கிக்கொண்டு நடிக்கிறார். பையன் முறைத்தால் இவரும் முறைக்கிறார், அவன் வாயை மூடினால் இவரும் மூடுகிறார்.

ஒரு காட்சியை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வழியில் ஒரு லாரி ஓட்டுநர் அவர்களை ஏற்றிக்கொள்கிறார். நல்ல மனிதர், பக்திமான். சாலையோர உணவகத்தில் டோரா அவர் கையைத் தொடுகிறாள். எழுந்து கழிப்பறைக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் லிப்ஸ்டிக் கேட்டு வாங்கிப் பூசிக்கொள்கிறாள். எத்தனை வருடமாகப் பூசாத உதடு என்பது பூசும் கையின் தயக்கத்திலேயே தெரிகிறது. திரும்பி வரும்போது அவர் இல்லை. கண்ணாடிக்கு வெளியே லாரி நகர்கிறது. கண்ணாடியை ஒட்டி அந்த முகம். சாயம் பூசிய உதடு மட்டும் இன்னும் எதையோ எதிர்பார்ப்பதுபோல இருக்க, கண் முன்னமே புரிந்துகொண்டுவிட்டது. அறுபத்தேழு வயதுப் பெண்ணின் ஆசையையும் அவமானத்தையும் இரக்கம் கேட்காமல் காட்டுவதற்கு எத்தனை துணிச்சல் வேண்டும்!

பெர்லினில் படத்துக்குத் தங்கக் கரடி, அவருக்குச் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி. ஆஸ்கர் குவினெத் பேல்ட்ரோவுக்குப் போனது. பிரேசில் மக்களுக்கு அது ஆறாத புண். கிளென் க்ளோஸ் போன்ற நடிகையே பின்னாளில் அந்த முடிவு தனக்குப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அவர்கள் கோபத்தில் எனக்கும் பங்குண்டு.

அதன் பிறகு

ஹாலிவுட் அவரை அழைத்துக்கொண்டு போய்விடவில்லை, அவரும் போக அலையவில்லை. 2007இல் காபிரியேல் கார்சியா மார்க்வெஸின் நாவலை ஆங்கிலத்தில் எடுத்தபோது தாயாக நடித்தார். அந்த மொழியில் அவருடைய ஆயுதங்களில் பாதி உறைக்குள்ளேயே இருந்துவிட்டன. ஊரில் செய்ததே பெரிது. 2004இல் 'தெருவின் மறுபக்கம்' படத்தில் கோபகபானா ஜன்னலிலிருந்து அக்கம்பக்கத்தை வேவு பார்க்கும் தனிமைக்காரி. 2005இல் மகளோடு சேர்ந்து 'மணல் வீடு'. அதில் தாயும் மகளும் காலம் நகர நகரப் பாத்திரங்களை மாற்றிக்கொள்கிறார்கள். அதே ஆண்டு தொடங்கிய 'பெலிசிமா' தொடரில் பியா ஃபல்காவ் என்ற ஈவிரக்கமற்ற முதலாளி. நாடே அவளை வெறுத்து ரசித்தது. 2012இல் 'டோசெ டி மாய்' என்ற தொலைக்காட்சிப் படத்தில் எண்பத்தைந்து வயதுக் குறும்புக்காரத் தாய். அதற்கு 2013இல் சர்வதேச எம்மி. சிறந்த நடிகைக்கான சர்வதேச எம்மியை வென்ற முதல் பிரேசில்காரர் அவர்தான்.

2015 மார்ச்சில் 'பாபிலோனியா' தொடரின் முதல் அத்தியாயத்தில், பல காலம் சேர்ந்து வாழும் இரண்டு முதிய பெண்களில் ஒருவராக வந்தார். இன்னொருவர் நதாலியா டிம்பெர்க், திங்கட்கிழமை இரவு நேரலைக் காலத்துத் தோழி. இருவருக்கும் வயது 85. இருவரும் முத்தமிட்டுக்கொண்டார்கள், எளிமையாக, நீண்டநாள் தம்பதி கொடுத்துக்கொள்வதுபோல. மதவாத அரசியல்வாதிகள் தொடரைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். பார்வையாளர் எண்ணிக்கை சரிந்தது, எழுத்தாளர்கள் கதையை மாற்ற நேர்ந்தது. தொலைக்காட்சி தனக்குக் கொடுத்த செல்வாக்கை அவர் எதற்குச் செலவழித்தார் என்பதற்கு இந்த முத்தம் எனக்குச் சாட்சி.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு நேர்மையாக இருக்காது. ருத் டி சோசா என்ற கறுப்பின நடிகை மோண்டெநெக்ரோவுக்கு எட்டு வயது மூத்தவர். 1945இல் கறுப்பினத்தவர் நாடகக் குழுவோடு ரியோ முனிசிபல் அரங்கின் மேடையேறியவர். 1954இல் வெனிஸ் விழாவில் சிறந்த நடிகை விருதுக்குப் பேசப்பட்டவர். பிறகு அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் அடிமை, வேலைக்காரி வேடங்கள். 1969இல் குளோபோ தொடரில் கதாநாயகியானபோது, எதிரே முகத்தில் கரி பூசிய வெள்ளை நடிகர் கணவனாக நின்றார். 2019இல் ருத் மறைந்தார். உழைப்பும் திறமையும் இரண்டு பெண்களிடமும் இருந்தன. எந்த முகத்துக்கு எந்த வேடம் என்று முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருந்த ஒரு தொழிலில், சீமாட்டியும் தொழிலாளி மனைவியும் மாதாவும் வில்லியுமாக மாறி மாறி வர மோண்டெநெக்ரோவுக்கு வழி திறந்தே இருந்தது, ருத்துக்கு மூடியிருந்தது. மோண்டெநெக்ரோவின் கலையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. அந்த நாட்டில் இன்னும் எத்தனை டோராக்கள் எழுதப்படாமலே போனார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பதினேழாம் எண் நாற்காலி

2021 நவம்பரில் பிரேசில் இலக்கியக் கழகம் அவரைத் தேர்ந்தெடுத்தது. அங்கே நாற்பது நாற்காலிகள். ஒருவர் இறந்தால்தான் இடம் காலியாகும். அவருக்குக் கிடைத்தது பதினேழாம் எண். அதில் முன்பு உட்கார்ந்தவர்களில் ஒருவர் ரொக்கெட்-பிண்டோ. அவருடைய நிலையத்தில் பதினைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்த பெண், 2022இல் 92 வயதில் அவருடைய நாற்காலியில் போய் அமர்ந்தார்.

2024இல் சாலஸ் மறுபடி அவரை அழைத்தார். 'நான் இன்னும் இங்கேதான்' என்ற படம். 1971 ஜனவரியில் ரியோவில் தன் வீட்டிலிருந்து ராணுவ ஆட்சியாளர்களின் ஆட்களால் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராத முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ரூபென்ஸ் பைவாவின் மனைவி யூனிசியின் கதை. கணவனுக்கு மரணச் சான்றிதழ் வாங்க அவர் 1996 வரை காத்திருந்தார். ஐந்து பிள்ளைகளை வளர்த்தார், நடுவயதில் சட்டம் படித்தார், பழங்குடி மக்களின் நில உரிமைக்காக வழக்காடினார். யூனிசியாக நடித்தவர் ஃபெர்னாண்டா டோரஸ். 2025 ஜனவரியில் அந்த நடிப்புக்குக் கோல்டன் குளோப் கிடைத்தபோது, இருபத்தாறு ஆண்டுக்கு முன்பு இதே விருது விழாவுக்கு வந்த தாய்க்கு அதைச் சமர்ப்பித்தார். தாய் இடம்பெற்ற அதே ஆஸ்கர் பட்டியலில் மகளும் இடம்பெற்றார். விருது வேறொருவருக்குப் போனாலும், மார்ச்சில் படம் சிறந்த சர்வதேசப் படத்துக்கான ஆஸ்கரை வென்றது. பிரேசிலுக்கு அது முதல் முறை.

முதிய யூனிசியாகக் கடைசியில் சில நிமிடம் மோண்டெநெக்ரோ வருகிறார். ஆண்டு 2014. யூனிசிக்கு மறதி நோய் முற்றியிருக்கிறது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கூடியிருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் கிழவிக்கு அவர்கள் யாரென்று தெரியுமா என்பதே தெரியவில்லை. ஒரு வார்த்தை வசனம் இல்லை. வானொலியில் குரலால் தொடங்கியவருக்கு இங்கே குரலே கிடையாது. எதிரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி ஓடுகிறது. ராணுவ ஆட்சியின் குற்றங்களை ஆராய்ந்த உண்மை ஆணையத்தைப் பற்றிய செய்தி. காணாமல் போனவர்களின் படங்கள் வருகின்றன. அவற்றில் ஒன்று ரூபென்ஸின் முகம்.

கிழவியின் தலை கொஞ்சம் முன்னே வருகிறது. கண் அந்தத் திரையைப் பிடித்துக்கொள்கிறது. எங்கோ ஆழத்திலிருந்து ஏதோ ஒன்று ஏறி வந்து, அந்த முகத்தின் மேற்பரப்பைத் தொட்டு, உதட்டோரத்தில் ஒரு நொடி நிற்கிறது. பிறகு செய்தி மாறுகிறது.